மஞ்சள் ஊருக்கு, வெள்ளை பாப்பாவுக்கு

அந்தத் தெருவில் பேக்கரி என்று பார்த்தால் மூன்று உண்டு. ஆனால் பேக்கரிக்காரம்மா என்று சொன்னால் அது ஒருத்தியைத்தான் குறிக்கும். மற்ற இரண்டு கடைகளிலும் ரொட்டி விற்றார்கள். இவள் கஸ்டர்ட் பன் விற்றாள். பன்னைப் பிய்த்தால் உள்ளேயிருந்து மஞ்சளாக, வெதுவெதுப்பாக ஒழுகி வரும் அந்தக் கஸ்டர்டுக்காகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதல் பென்ஷன்காரர்கள் வரை வரிசையில் நின்றார்கள். மாவைக் கரைத்துச் சாயம் சேர்த்து ஊரை ஏமாற்றுகிற கஸ்டர்ட் இல்லை அது. அசல் முட்டை மஞ்சள். "மஞ்சள்ல மட்டும் நாங்க கஞ்சத்தனம் பண்றதில்ல" என்று அவள் வாடிக்கையாளர்களிடம் சொல்லும்போது கழுத்து தானாகவே ஒரு விரல்கடை உயரும்.

அவளுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அவள் கடையில் எதுவும் வீணாகாது. நேற்றைய ரொட்டி இன்றைய ரஸ்க். ரஸ்க்கில் உடைந்தது தூளாகி எதிர்ச்சாரி கட்லெட் கடைக்குப் போகும். மாவுச் சாக்கைத் துவைத்துக் கிழித்தால் கைத்துணி. வேலை முடிந்த அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில் வீட்டுக்கே குளிக்க வெந்நீர் காயும். இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் அவளுக்குப் பல வருஷமாகப் பிடி கொடுக்காமல் இருந்தது வெள்ளைக்கரு ஒன்றுதான். முட்டையை உடைத்து, ஓட்டின் இரண்டு பாதிகளுக்கும் இடையில் மஞ்சளை மாற்றி மாற்றி விட்டால் வெள்ளை மட்டும் வழுக்கி வாளியில் விழும். தினமும் காலையில் அரை வாளி சேர்ந்துவிடும். அதை வாங்க ஆள் கிடையாது. சாக்கடையில் ஊற்றும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

அந்த எரிச்சலுக்கு மருந்தாக வந்து சேர்ந்தவர் எடை தூக்கப் பழக்குகிற கோச்.

அவர் பன் வாங்கத்தான் வந்தார். ஒரு கடி கடித்துவிட்டு நிமிர்ந்தவர், கடைக்குள்ளே ஒரு பெண் மாவு மூட்டையைத் தரையிலிருந்து அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பாட்டை முணுமுணுத்தபடி உள்ளே போவதைப் பார்த்தார். பன் அவர் வாய்க்கும் கைக்கும் நடுவில் அப்படியே நின்றது. கஸ்டர்ட் ஒழுகிச் சட்டையில் விழுந்தது கூடத் தெரியவில்லை.

அந்தப் பெண்தான் பாப்பா. பேக்கரிக்காரம்மாவின் ஒரே மகள். பத்தொன்பது வயசு, கதவை அடைக்கிற தோள், ஒரு பக்கம் திரும்பினால்தான் ரொட்டி அலமாரிகளுக்கு நடுவில் நுழைய முடியும். இருந்தாலும் வீட்டுக்கு அவள் பாப்பாதான். பாப்பாவை எடை தூக்க அனுப்ப வேண்டும் என்று கோச் கேட்டதும் அப்பா தயங்கினார். மாடியில் குடியிருந்த அப்பாவின் அக்கா, பெண் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை என்றாள். பேக்கரிக்காரம்மா மட்டும், என் மகளைப் பார்த்து ஒருத்தர் சட்டையில் கஸ்டர்ட் சிந்தினார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கே அனுப்பிவிட்டாள்.

பயிற்சி சூடு பிடித்ததும் கோச் வந்து, உடம்பு தேற நிறைய புரதம் வேண்டும், முட்டை வெள்ளைக்கரு எவ்வளவு முடியுமோ கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பேக்கரிக்காரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேகவைத்துக் கொடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை. தெரியாதவர்கள்தானே கேட்பார்கள், அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. சூடு காட்டினால் சத்து செத்துவிடும் என்பது அவள் முடிவு.

ஆக, காலையில் ஒரு பெரிய சொம்பு, பயிற்சி முடிந்து வந்ததும் ஒரு பெரிய சொம்பு. வெள்ளைக்கருவை நன்றாக அடித்து, கொஞ்சம் பாலும் சர்க்கரையும் விட்டு, பச்சையாக. பாப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து முடித்து உதட்டைத் துடைக்கும் வரை அம்மா எதிரிலேயே நிற்பாள். சொம்பைத் திருப்பி வாங்கி அடியில் ஒரு சொட்டு மிச்சமில்லை என்று பார்த்த பிறகுதான் நகருவாள். மஞ்சள் ஊருக்கு, வெள்ளை பாப்பாவுக்கு என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பலனும் கிடைத்தது. முதல் வருஷமே பாப்பா இரண்டு போட்டிகளில் ஜெயித்தாள். அந்தக் கோப்பைகளை வீட்டுக்குள் வைக்கவில்லை. கடையில் பன் அடுக்கும் கண்ணாடிப் பெட்டியின் தலையில் வைத்தாள் அம்மா. பன் கேட்கிறவன் முதலில் கோப்பையைப் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் கேட்டால் பன் கொடுக்கக் கொஞ்சம் தாமதமாகும்.

பிறகுதான் ஒன்றன்பின் ஒன்றாக ஆரம்பித்தது.

முதலில் குளியலறைச் சல்லடையில் முடி. பிறகு சீப்பில், தலையணையில், ரொட்டித் தட்டு துடைக்கிற துணியில். அதன் பிறகு கண்ணைச் சுற்றியும் மூக்கோரத்திலும் வாய் ஓரத்திலும் சிவந்து, செதில் செதிலாகத் தோல் உரியத் தொடங்கியது. பக்கத்து டாக்டர் களிம்பு கொடுத்தார், ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார். ஒன்றும் அசையவில்லை. எல்லாவற்றையும்விட, பாப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். முன்பெல்லாம் மூட்டையைத் தூக்கிக்கொண்டே பாடுகிறவள், இப்போது மாவு அறையில் மூட்டைமேல் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்பினாள். விரல் நுனியெல்லாம் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது என்றாள். போன மாதம் அனாயாசமாகத் தூக்கிய எடை இந்த மாதம் மார்புக்கு மேலே ஏறவில்லை.

அம்மா இதற்கு ஒரே ஒரு வைத்தியம்தான் செய்தாள். தெம்பு போதவில்லை என்று சொம்பைப் பெரிதாக்கினாள்.

மாடியிலிருந்து இறங்கி வந்து கல்லாவில் உட்காருகிற நாத்தனாருக்குக் காரணம் முதல் நாளே தெரிந்துவிட்டது. எல்லாம் அந்த இரும்பு. இரும்பைத் தலைக்கு மேலே தூக்கினால் சூடு தலைக்கேறி முடி கொட்டாமல் என்ன செய்யும், முகம் வெந்துபோகாமல் என்ன செய்யும் என்று வருகிற போகிற எல்லாரிடமும் கேட்டாள். அப்பா வாயே திறக்காத மனிதர். அடுப்புக்கு முன்னால் நின்று நின்று பேச்சே வற்றிவிட்டதோ என்று நினைக்கத் தோன்றும். அவரும் ஒரு நாள் தட்டை வெளியே இழுத்தபடி, அடுத்து வருகிற மாநில அணித் தேர்வோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தேர்வுக்கே போக வேண்டாமே என்றார்.

பேக்கரிக்காரம்மா இரண்டு பேரிடமும் சண்டைக்கு நின்றாள். ஆனால் அன்று சாயங்காலம் பாப்பாவே வந்து, "விட்டுடறேம்மா. என்னால முடியல" என்றபோது அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயிலிருந்து வந்த வார்த்தை நல்ல வார்த்தையாக இல்லை. சோம்பேறி என்றாள். ரெண்டு கோப்பை வாங்கினதும் கொழுப்பு ஏறிவிட்டது என்றாள். பாப்பா குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுவாரம் அவளை இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் போனாள் அம்மா.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. பூதக்கண்ணாடி வைத்து முகத்தைப் பார்த்தாள், தலையைப் பிரித்துப் பார்த்தாள், என்ன சோப்பு, என்ன எண்ணெய், வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டாள். கடைசியில், சாப்பாடு எப்படி என்றாள்.

இந்தக் கேள்விக்காகத்தான் பேக்கரிக்காரம்மா காத்திருந்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சாப்பாட்டுல நான் குறையே வைக்கல டாக்டரம்மா. வேற ஒண்ணும் வேணாம், முட்டை வெள்ளை மட்டுமே ஒரு நாளைக்கு முப்பது முட்டையோடது உள்ள போகும்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "முப்பதா? எப்படிக் குடுக்கறீங்க, ஆம்லெட்டா?"

"வேகவச்சா சத்து போயிடாதா? பச்சையாத்தான். அடிச்சு, சொம்புல. வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு நாள் விட்டதில்ல."

"அப்ப மஞ்சக்கரு?"

"அது கஸ்டர்டுக்கு. கடைக்கு." கழுத்து ஒரு விரல்கடை உயர்ந்தது. "எங்க கையில எதுவும் வீணாகாது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லாமல், நிதானமாக விளக்க ஆரம்பித்தாள்.

பி விட்டமின்களில் பயோட்டின் என்று ஒன்று உண்டு. உடம்புக்கு அது துளியூண்டு போதும், ஆனால் அந்தத் துளி இல்லாமல் வேலை ஓடாது. சாப்பிட்டதைச் சக்தியாக மாற்றுகிற, கொழுப்பைக் கட்டுகிற, புரதத்தைப் பிரிக்கிற நொதிகள் சிலவற்றுக்கு இதுதான் கைப்பிடி. கைப்பிடி இல்லாத கரண்டியை வைத்துக்கொண்டு எந்தச் சமையல்காரரால் கிளற முடியும்? குடல் இதைச் சாப்பாட்டிலிருந்து எடுத்து ரத்தத்தில் விடும். பச்சை வெள்ளைக்கருவிலோ அவிடின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது பயோட்டினைக் கண்டால் ஓடிப் போய்க் கட்டிப்பிடித்துக்கொள்ளும். அப்படி இப்படி இல்லை, உடும்புப் பிடி. குடலால் அந்தப் பிடியைப் பிரிக்க முடியாது. கடைசியில் இரண்டும் கட்டிக்கொண்டபடியே உடம்பை விட்டு வெளியே போய்விடும்.

"உங்க பொண்ணு என்ன சாப்பிட்டாலும் அதுல இருக்கற பயோட்டினை இந்தச் சொம்பு வந்து தூக்கிட்டுப் போயிடுது. வேற யாரும் எடுக்கலம்மா."

பேக்கரிக்காரம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. அப்படியானால் முதல் மாதமே அல்லவா முடி கொட்டியிருக்க வேண்டும், ஒரு வருஷம் நன்றாகத்தானே இருந்தாள் என்று மடக்கினாள்.

நல்ல கேள்வி என்றாள் டாக்டரம்மா. உடம்பு இந்த விஷயத்தில் ரொம்பச் சிக்கனம். வேலை செய்து தேய்ந்துபோன நொதியை உடைக்கும்போது அதில் இருக்கிற பயோட்டினை மட்டும் பத்திரமாகக் கழற்றி எடுத்து, புது நொதியில் பொருத்திக்கொள்ளும். பழைய சட்டையைக் கிழிப்பதற்கு முன்னால் பொத்தானைப் பிய்த்து வைத்துக்கொள்கிற மாதிரி. "உங்களை மாதிரிதான், எதையும் வீணாக்காது. அதனாலதான் இவ்வளவு நாள் சமாளிச்சிருக்கு. ஆனா கொஞ்சம் கொஞ்சமா சிந்திக்கிட்டே இருக்கு, உள்ள வர்றதுக்கு வழியில்ல. எவ்வளவு நாள்தான் ஓட்டும்?"

இன்னொன்றையும் சொன்னாள். அந்தப் பயோட்டின் முட்டையிலே நிறைய இருப்பது மஞ்சள் கருவில்தான். தெருவுக்கே பன்னுக்குள் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

பிறகு டாக்டரம்மா பாப்பாவின் பக்கம் திரும்பி, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பாப்பா நிமிர்ந்தாள்.

"அழுகை அழுகையா வருது டாக்டர். எதுக்குன்னே தெரியல. அம்மா திட்டும்னு குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுவேன்."

அதுவும் இந்தக் குறைபாட்டில் வருவதுதான், சோர்வும் மனசு இருண்டுபோவதும் உன் குணம் இல்லை, உடம்பில் ஒன்று குறைகிறது, அவ்வளவுதான் என்றாள் டாக்டரம்மா. சிறுநீர்ச் சோதனைக்கு எழுதினாள், பயோட்டின் மாத்திரை எழுதினாள். வெள்ளைக்கரு கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் நன்றாக வெந்திருக்க வேண்டும், நடுவில் வழவழவென்று இருக்கக் கூடாது. சூட்டில் அந்த அவிடின் உருக்குலைந்து பிடியை விட்டுவிடும். மஞ்சளும் ஒன்றிரண்டு கொடுங்கள் என்றாள்.

பஸ்ஸில் வரும்போது பேக்கரிக்காரம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். படித்து முடித்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது, என் சொம்பைக் குறை சொல்ல வந்துவிட்டாள் என்று முதல் நாலு நிறுத்தம் வரை மனசுக்குள் டாக்டரம்மாவோடு வாதாடினாள். ஒவ்வொரு வாதத்திலும் ஜெயித்தாள். ஜெயித்து என்ன, குழாய் ஓடிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் காதை விட்டுப் போகவில்லை. கொழுப்பு ஏறிவிட்டது என்று தானே சொன்ன வார்த்தையும் கூடவே வந்தது. பாப்பா தூங்கி வழிந்து அவள் தோளில் சாய்ந்தாள். அந்தப் பாரத்துக்குத் தோள் வலித்தது. நகராமல் உட்கார்ந்திருந்தாள்.

கடைக்குள் நுழைந்ததுமே நாத்தனார் கல்லாவிலிருந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். அப்பா அடுப்பறை வாசலில் வந்து நின்றார்.

ஏதோ விட்டமின் குறைச்சலாம் என்று பட்டும் படாமல் சொல்லிவிட்டு உள்ளே போகப் பார்த்தாள் பேக்கரிக்காரம்மா. போக விடவில்லை நாத்தனார். "நான் சொல்லல? இரும்பு தூக்கித் தூக்கி உள்ள இருக்கறதெல்லாம் உருகிப்போச்சு. ஒத்தைப் பொண்ணு, அதையும் பட்டறை சாமான் மாதிரி ஆக்கியாச்சு." அப்பா தலையை ஆட்டினார். இனிமேல் வேண்டாம் என்று ஆட்டுகிற ஆட்டம் அது. கோச்சிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று மேல்சட்டையைத் தேடினார்.

பாப்பா ரொட்டி அலமாரியில் சாய்ந்து நின்றாள். பேக்கரிக்காரம்மா அவளைப் பார்த்தாள். இவர்கள் இரும்பையே குற்றவாளி ஆக்கட்டும் என்று இப்போது தான் வாயை மூடிக்கொண்டு இருந்தால், கடையில் தன் பேர் கெடாது. ஆனால் நாளையிலிருந்து பாப்பா வெறும் மூட்டைதான் தூக்குவாள்.

"சட்டையைக் கழட்டி மாட்டுங்க" என்றாள் புருஷனிடம். "இரும்பு ஒண்ணும் பண்ணல அண்ணி. நான் குடுத்த சொம்புதான் பண்ணிச்சு."

கடையில் பன்னுக்கு நின்றிருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அவிடின் என்ற பெயர் மறந்துவிட்டது, உடும்பு என்றே சொல்லிச் சமாளித்தாள். சொல்லி முடித்தபோது நாத்தனார் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

"நல்லவேளை, தெம்புக்குன்னு என்கிட்டயும் ஒரு சொம்பு நீட்டின. வேண்டாம்னேன்."

அப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்ததே பெரிய விஷயம். தேர்வு வரைக்கும் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கட்டும், அதற்குள் முகம் தெளிந்து பிள்ளை பழையபடி ஆனால் போகட்டும், இல்லையென்றால் அதோடு நிறுத்திவிட வேண்டும் என்றார். பேக்கரிக்காரம்மா ஒத்துக்கொண்டாள். பாப்பாவை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் வாளி வழக்கம்போல அரைக்கு நிறைந்தது. பேக்கரிக்காரம்மா அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கேக் தகரங்களில் வெண்ணெய் தடவி, வெள்ளைக்கருவை ஊற்றி, உப்பும் மிளகுத்தூளும் தூவி, இரண்டு முழு முட்டையையும் உடைத்துப் போட்டு, பன் வெந்து இறங்கிய அடுப்பில் தள்ளினாள். வெந்து வந்தது செங்கல் மாதிரி இருந்தது. கத்தியால் குத்தி நடுவில் ஈரமில்லை என்று பார்த்தாள். அப்படியும் நம்பாமல் ஒரு துண்டை இரண்டாக வெட்டி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாப்பா மூக்கைப் பிடிக்காமல் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று ஒரு வார்த்தை கேட்டாள். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சோதனை முடிவும் டாக்டரம்மா சொன்னபடியே வந்தது. பயோட்டின் இல்லாமல் வேலை தேங்கிக் கிடந்தால் சேருகிற ஓர் அமிலம் சிறுநீரில் கூடியிருந்தது. மாத்திரை உள்ளே போகப் போக, முதலில் விரல் எறும்புகள் போயின. அப்புறம் கண்ணைச் சுற்றியிருந்த சிவப்பு வெளுத்தது. வாய் ஓரத்துச் செதில் உதிர்ந்து புதுத்தோல் வந்தது. முடி மட்டும் அவசரப்படவில்லை. பாப்பா ஒரு நாள் போய் எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். நாத்தனார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பேக்கரிக்காரம்மாவோ அந்தத் தலையைத் தடவிப் பார்த்தாள். உள்ளங்கையில் குத்தியது. புதுசாக முளைக்கிறது என்றால் அப்படித்தான் குத்தும்.

ஆனால் பாப்பா தேறிவிட்டாள் என்று அம்மா உறுதி செய்துகொண்டது அதிலெல்லாம் இல்லை. ஒரு நாள் மத்தியானம் மாவு கொண்டுவந்த வண்டிக்காரர் மூட்டைகளை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போகப் பார்த்தார். பாப்பா அவரை மறித்து, உள்ளே வைப்பதுவரை சேர்த்துத்தானே கூலி என்று அரை மணி நேரம் சண்டை பிடித்து, ஜெயித்து, பிறகு அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்து, பாதி மூட்டைகளைத் தானே தூக்கி உள்ளே போட்டாள். உள்ளேயிருந்து முணுமுணுப்பாகப் பாட்டு வந்தது. பேக்கரிக்காரம்மா உடைத்துக்கொண்டிருந்த முட்டையை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு பாட்டு முடியும் வரை நின்றாள்.

தேர்வு நாளன்று கடையை அடைத்தார்கள். அடுப்பு கட்டிய நாளிலிருந்து நடக்காத காரியம் அது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பெரிய கூடத்தில் ரப்பர் விரித்த மேடை, நடுவில் இரும்புக் கம்பி, இருபுறமும் வண்ண வண்ணத் தட்டுகள். பெண்கள் கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார்கள். மாநில அணியில் அந்த எடைப் பிரிவுக்கு இரண்டே இடம். வந்திருந்தவர்கள் ஒன்பது பேர்.

பார்வையாளர் வரிசையில் பேக்கரிக்காரம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்க். பேச்சுக் கொடுத்துக்கொண்டே மூடியைத் திறந்தாள். நுரை தெரிந்தது. பாலில் பச்சை முட்டை அடித்தது, மகளுக்குத் தினமும் இதுதான், மஞ்சள் கொழுப்பு என்று எடுத்துவிடுவேன், வெள்ளை மட்டும்தான் என்று அந்த அம்மா பெருமையாகச் சொன்னாள்.

பேக்கரிக்காரம்மா அந்தப் பிளாஸ்க்கையே பார்த்தாள். அந்த அம்மாவிடம் தெரிந்தது தன்னுடைய கழுத்து, தன்னுடைய குரல், தன்னுடைய நுரை. பேசாமல் இருந்துவிடலாம். மகளுக்குப் போட்டியாக வந்திருக்கிற பெண்ணின் அம்மா வேறு.

"மூடுங்க முதல்ல" என்றாள். "அங்க மேடை ஓரமா, மொட்டைத் தலையோட நிக்குதே, அது என் பொண்ணு. அந்தத் தலையைப் பாத்துக்கிட்டே நான் சொல்றதைக் கேளுங்க."

சொன்னாள். முழுசாகச் சொன்னாள். இந்தத் தடவை அவிடின் என்ற பெயர் ஞாபகம் இருந்தது. உடும்பும் இருந்தது, பொத்தானும் இருந்தது. மிளகுத்தூள் எவ்வளவு போட வேண்டும் என்பதும் வந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒருத்தி கேட்டதற்கு, தப்பு பண்ணிப் பார்த்தேன், தெரிந்தது என்று தலை நிமிர்ந்து சொன்னாள். கூச்சம் என்று ஒன்று அவள் முகத்தில் இருந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள்.

பாப்பாவின் பெயரை அழைத்தார்கள். ஒரே வீச்சில் தலைக்கு மேலே தூக்குகிற முதல் சுற்றில் மூன்று வாய்ப்புகளில் ஒன்றைத் தவறவிட்டாள். மார்புக்கு ஏற்றி, பிறகு தலைக்கு மேலே தள்ளுகிற இரண்டாவது சுற்றில் ஒன்றையும் விடவில்லை. கடைசி எடையை மார்புக்கு ஏற்றி நின்றபோது தொடை நடுங்கியதை அப்பாவால் பார்க்க முடியவில்லை, சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டார். பேக்கரிக்காரம்மா கண் சிமிட்டவில்லை. கம்பி மேலே போயிற்று. கை நீண்டு பூட்டிக்கொண்டது. தூக்கியது சரி என்று நடுவர்களின் மூன்று விளக்குகளும் வெள்ளையாக எரிந்தன. பாப்பா கம்பியைக் கீழே போட்ட அதிர்வு நாற்காலி வரை வந்தது.

அப்புறம் கூட்டிப் பார்த்தார்கள். பாப்பா மூன்றாவது. இரண்டாவதாக வந்தவளைவிட ஒரே ஒரு கிலோ குறைவு.

அப்பா மெதுவாக எழுந்தார். பிள்ளை உடைந்துபோயிருப்பாள், இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்ல வேண்டும் என்று மேடைக்குப் பின்பக்கம் விரைந்தார். பேக்கரிக்காரம்மாவும் ஓடினாள். மறுபடியும் குழாய் ஓடுகிற சத்தம் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே போனாள்.

அங்கே பாப்பா கோச்சைச் சுவரோடு சுவராக நிறுத்தி வைத்திருந்தாள். கையிலிருந்த வெள்ளைப் பொடி அவர் சட்டை முழுக்க ஒட்டியிருந்தது.

"ரெண்டு கிலோ கூட வைங்கன்னு சொன்னேனா இல்லையா சார்? எனக்கு உடம்பு சரியில்லன்னு நீங்களா முடிவு பண்ணிக் கம்மியா வச்சீங்க. என் கையில இருந்துச்சு. இன்னும் ரெண்டு கிலோ இருந்துச்சு."

கோச் என்னவோ சமாதானம் சொல்லப் பார்த்தார். அவள் விடவில்லை. அடுத்த தடவை எடையை நான்தான் சொல்வேன், நீங்கள் எழுதிக் கொடுத்தால் போதும் என்று விரலை ஆட்டினாள். முகம் சிவந்திருந்தது. அது கோபச் சிவப்பு, தெளிந்த தோலில் தெளிவாகத் தெரிகிற சிவப்பு. முடியல, விட்டுடறேன் என்று சொன்ன பிள்ளை இவளா என்று பேக்கரிக்காரம்மா பார்த்தாள். தோற்றுவிட்டு இப்படிக் கத்துகிறாளே, ஜெயித்திருந்தால்கூட இவ்வளவு நிறைந்திருக்காது என்று நெஞ்சு விம்மியது.

அப்பா மகளை அடக்கப் போனார். பேக்கரிக்காரம்மா அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கத்தட்டும் விடுங்க. நல்லா கத்தட்டும்."

பாப்பா மூச்சு வாங்குவதற்காக நிறுத்திய ஒரு கணத்தில் அப்பா தொண்டையைக் கனைத்தார். எல்லாரும் திரும்பினார்கள். நிறுத்திவிடலாம் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், வெள்ளைச் சட்டையின் கையை மடித்து விட்டுக்கொண்டு, கோச்சைப் பார்த்துக் கேட்டார்.

"அடுத்த தேர்வு எந்த மாசம் சார்? முன்கூட்டியே சொல்லிடுங்க. கடைக்கு லீவு விடணும்ல."